பையருக்கு மெயில்: மெர்ச்சண்டைசிங்குக்குப் புதிதாக வந்தவர்களுக்கு

திருப்பூரில் ஒரு ஆடை எக்ஸ்போர்ட் கம்பெனியில் மெர்ச்சண்டைசராக, அதாவது பையர் எனப்படும் வெளிநாட்டு வாடிக்கையாளருக்கும் ஆடை தயாரிக்கும் யூனிட்டுக்கும் நடுவே ஆர்டரை நடத்துபவராக, சேர்பவருக்கு முதல் வாரத்திலேயே ஒன்று விளங்கிவிடும். துணியைத் தொட்டுப் பார்க்கும் நேரத்தைவிட மெயில் பார்க்கும் நேரம்தான் அதிகம். லேப் டிப் (கலர் சரிபார்க்கச் சாயம் ஏற்றிய சின்னத் துணி) அப்ரூவல், ஃபிட் கமென்ட் (சாம்பிளின் அளவு பற்றிய கருத்து), பிரிண்ட் ஸ்ட்ரைக் ஆஃப் (அச்சு மாதிரி), ட்ரிம்ஸ் (ஜிப், பட்டன், லேபிள் போன்றவை), பேக்கிங் விவரம், ஷிப்மென்ட் தேதி எல்லாம் மெயிலில்தான் வரும், மெயிலில்தான் போகும். கல்லூரியில் துணியைப் பற்றி வருடக்கணக்கில் சொல்லித் தருகிறார்கள். மெயில் எழுதுவதைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை. சேர்ந்த இடத்தில் சீனியர் எப்படி எழுதுகிறாரோ அதைப் பார்த்து எழுதுவதுதான் வழக்கம். சீனியர் நன்றாக எழுதுபவராக வாய்த்தால் தப்பித்தோம்.

மெயில் தெளிவாக இருக்க வேண்டும் என்று எல்லா வேலையிலும்தான் சொல்வார்கள். நம் தொழிலில் அதற்கு நாள் கணக்கே உண்டு. ஜெர்மனியில் காலை 9 மணி என்றால் நமக்கு மதியம் 1.30. அங்கே மார்ச் கடைசி ஞாயிறு முதல் அக்டோபர் கடைசி ஞாயிறு வரை கோடை நேரம், அப்போது 12.30. நியூயார்க்கில் காலை 9 என்றால் நமக்கு இரவு 7.30, கோடையில் மாலை 6.30. காலையில் நீங்கள் அனுப்பிய மெயிலில் ஒரு விவரம் விட்டுப்போயிற்று என்று வையுங்கள். பையர் மதியம் திறந்து பார்த்து "எந்த கலர்?" என்று ஒரு வரி கேட்பார். அந்த நேரம் நீங்கள் யூனிட்டில் இருப்பீர்கள். பதில் மறுநாள் போகும். அப்ரூவல் அதற்கும் மறுநாள் வரும். அதற்குள் டையிங்கில் (சாயம் ஏற்றும் இடத்தில்) நம் இடத்தில் வேறு கம்பெனியின் துணி ஏறியிருக்கும். ஆகவே கீழே சொல்வது எல்லாமே, மெயிலைத் திறப்பவர் நம்மிடம் திரும்ப எதுவும் கேட்காமல் முடிவெடுக்கும்படி எழுதுவதற்குத்தான்.

முதலில் இரண்டு மூன்று செட்டிங்

ஜிமெயிலில் அனுப்பிய மெயிலைத் திரும்ப இழுக்கும் வசதி, 'அன்டூ செண்ட்', தானாகவே 5 விநாடிக்கு வைக்கப்பட்டிருக்கும். செட்டிங்ஸில் ஜெனரல் பக்கத்தில் அதை 30 விநாடியாக மாற்றிவிடுங்கள். இணைப்பு வைக்க மறந்தது, பெயர் தப்பாகப் போனது எல்லாம் செண்ட் அமுக்கிய அடுத்த பத்து விநாடியில்தான் நினைவுக்கு வரும். அவுட்லுக்கில் ஒரு ரூல் போட்டு எல்லா மெயிலையும் ஒன்றிரண்டு நிமிடம் நிறுத்தி அனுப்பலாம்.

கையெழுத்துப் பகுதியில் பெயர், பதவி, கம்பெனி, +91 சேர்த்த கைபேசி எண் போதும். நான்கு லோகோவும் ஒரு பொன்மொழியும் வேண்டாம். ஒவ்வொரு பதிலுக்கும் அந்தப் படங்கள் இணைப்பாக ஒட்டிக்கொண்டு, நிஜமான இணைப்பு எது என்று தேட வைக்கும்.

பாப் அப் அறிவிப்பை அணைத்துவிடுங்கள். 'டிங்' என்று சத்தம் வரும்போதெல்லாம் போய்ப் பார்ப்பவரால் ஒரு காஸ்டிங் ஷீட்டைக்கூட (விலைக் கணக்குத் தாள்) முழுதாக முடிக்க முடியாது.

எப்போது பார்ப்பது

கனடாவில் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2015 இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். 124 பேரை ஒரு வாரம் நாளைக்கு மூன்று முறை மட்டும் மெயில் பார்க்கச் சொன்னார்கள். இன்னொரு வாரம் இஷ்டம்போலப் பார்க்கச் சொன்னார்கள். மூன்று முறை பார்த்த வாரத்தில் மன அழுத்தம் குறைவாக இருந்தது. மூன்றே முறை என்பது நமக்கு ஒத்துவராது. ஆனால் நேரம் பிரித்துப் பார்ப்பது ஒத்துவரும், ஏனென்றால் பையரின் கடிகாரமே நமக்கு நேரத்தைப் பிரித்துக் கொடுத்திருக்கிறது.

காலையில் வந்ததும் இரவு வந்த அமெரிக்க, ஐரோப்பிய மெயில்களை ஒரு தடவை மேலோட்டமாகப் பாருங்கள். அந்தந்த செக்‌ஷனில் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியதைத் தாளில் குறித்துக்கொண்டு யூனிட்டுக்கு இறங்குங்கள். பதினோரு மணிக்குத் திரும்பி வந்து பதில்களை எழுதுங்கள். ஜெர்மன் பையர் கணினியைத் திறக்கும்போது உங்கள் மெயில் அங்கே இருக்க வேண்டும், அவ்வளவுதான் கணக்கு. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு தடவை, மாலை கிளம்பும் முன் ஒரு தடவை. காலை 9 மணிக்குத் திறந்த மெயிலுக்கு 9.05க்கே அரைகுறைப் பதில் போட்டால் வேகமான ஆள் என்று பெயர் வரும்தான். ஆனால் பையர் அப்போது தூங்கிக்கொண்டிருக்கிறார்.

ஒரு மெயிலைக் கிட்டத்தில் பார்ப்போம்

மெயில் ஆங்கிலத்தில்தான் போகும். இங்கே விஷயம் விளங்குவதற்காகத் தமிழில் எழுதுகிறேன். புதியவர்கள் பெரும்பாலும் இப்படி எழுதுகிறார்கள்:

"டியர் மேடம், லேப் டிப் அனுப்பியுள்ளோம். பார்த்துவிட்டு சீக்கிரம் அப்ரூவல் தரவும். மிக அவசரம். கைண்ட்லி டூ தி நீட்ஃபுல்."

சப்ஜெக்டில் "லேப் டிப்" என்று மட்டும் இருக்கும், அல்லது மூன்று வாரம் முன்பு வேறொரு விஷயத்துக்கு வந்த மெயிலுக்கே ரிப்ளை அடித்திருப்பார்கள். அந்த மேடத்துக்கு நம்மைப்போல் பத்து சப்ளையர். ஒவ்வொருவருக்கும் பல ஸ்டைல். எந்த ஸ்டைல், எந்த கலர், எப்போது கைக்கு வரும், 'சீக்கிரம்' என்றால் எந்தத் தேதி என்று அவரே தோண்டியெடுக்க வேண்டும். தோண்டுவதற்குப் பதில் மெயிலை அப்புறம் பார்க்கலாம் என்று ஒதுக்கி வைப்பார். நாமாக இருந்தாலும் அதைத்தான் செய்வோம்.

இதையே இப்படி எழுதலாம் (பிஓ என்பது ஆர்டர் எண், பான்டோன் எண் கலரைக் குறிக்கும், டி65 பகல் வெளிச்சத்துக்கு ஈடான விளக்கு):

சப்ஜெக்ட்: ஸ்டைல் 4417 / பிஓ 80213 / புளூ லேப் டிப் – 12 ஜூன் வியாழனுக்குள் அப்ரூவல் தேவை

"ஸ்டைல் 4417, பான்டோன் 19-4052 டிசிஎக்ஸ் புளூவுக்கு ஏ, பி, சி என்று மூன்று ஆப்ஷன் இன்று கூரியரில் அனுப்பியிருக்கிறோம், ட்ராக்கிங் எண் கீழே. செவ்வாய்க்கிழமை உங்கள் கைக்கு வரும்.

டி65 வெளிச்சத்தில் எங்கள் பார்வைக்கு பி தான் நெருக்கமாக இருக்கிறது.

வியாழன் மாலைக்குள், உங்கள் நேரப்படி, ஒன்றை அப்ரூவ் செய்தால் வெள்ளிக்கிழமை டையிங்கில் ஏற்றிவிடுவோம். வாரம் 32 ஷிப்மென்ட் அப்படியே இருக்கும். அதைத் தாண்டினால் டையிங்கில் அடுத்த இடம் ஒரு வாரம் கழித்துத்தான்.

மூன்றுமே சரியில்லை என்றால் எந்தப் பக்கம் திருத்த வேண்டும் என்று மட்டும் சொல்லுங்கள்: சிவப்பு குறைக்கவா, ஆழம் கூட்டவா?"

இதில் 'அவசரம்' என்ற சொல்லே இல்லை. தேதியும், தேதி தவறினால் என்ன ஆகும் என்பதும் இருக்கின்றன, அதுவே போதும். நம் கருத்தையும் சொல்லியிருக்கிறோம். புதியவர்கள் இதற்குத் தயங்குவார்கள், பையருக்கு நாம் என்ன சொல்வது என்று. சொல்லுங்கள். "பி ஓகே" என்று ரயிலில் போகும்போதே இரண்டு சொல்லில் அவர் பதில் போட்டுவிடலாம்.

சப்ஜெக்டில் ஸ்டைல் எண்ணை எப்போதும் ஒரே இடத்தில், ஒரே மாதிரி எழுதுங்கள். ஆறு மாதம் கழித்து ஒரு க்ளெய்ம் (பையர் நஷ்டஈடு கேட்பது) வரும்போது தேடல் பெட்டியில் 4417 என்று அடித்தால் எல்லாம் வரிசையாக வந்து நிற்கும். இந்தப் பழக்கம் இருந்தால் நாற்பது ஃபோல்டர் போட்டு அடுக்கத் தேவையில்லை. பையருக்கு ஒரு லேபிள் போதும். விஷயம் மாறினால் புது மெயில் தொடங்குங்கள். லேப் டிப் மெயிலின் வாலில் கார்ட்டன் அளவைக் கேட்டால் அந்தக் கேள்வியைப் பிறகு யாராலும் கண்டுபிடிக்க முடியாது.

தேதியும் எண்ணும்

இந்த இடத்தில்தான் பணம் போகும். 05/06 என்று எழுதினால் நமக்கு ஜூன் 5, அமெரிக்கருக்கு மே 6. மாதத்தை எப்போதும் எழுத்தில் எழுதுங்கள். ஜெர்மன் பையர்கள் தேதிக்குப் பதில் வார எண்ணைச் சொல்வார்கள். அங்கே வாரம் திங்கட்கிழமை தொடங்கும். ஆண்டின் முதல் வியாழக்கிழமை எந்த வாரத்தில் வருகிறதோ அதுதான் வாரம் 1. உங்கள் காலண்டரில் வார எண் தெரியும்படி செட்டிங்கை மாற்றி வைத்துக்கொண்டு, பதில் எழுதும்போது வார எண், தேதி இரண்டையும் போடுங்கள். அந்த வாரத்தில் சரக்கு தூத்துக்குடியில் கப்பல் ஏற வேண்டுமா, அல்லது அவர்கள் வேர்ஹவுஸுக்கே போய்ச் சேர வேண்டுமா என்பதையும் ஒரு தடவை கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். இரண்டுக்கும் நடுவே பல வாரக் கடல் பயணம் இருக்கிறது.

எண்ணிலும் இதே தொல்லை. ஜெர்மனியில் 1.200 என்றால் ஆயிரத்து இருநூறு. 2,45 என்றால் இரண்டு யூரோ நாற்பத்தைந்து சென்ட். நாம் 1,20,000 என்று லட்சக் கணக்கில் காற்புள்ளி வைத்தால் அவர்களுக்குத் தலை சுற்றும். பீஸ் எண்ணிக்கையை 120000 பீஸ் என்று புள்ளியே இல்லாமல் எழுதினால் சண்டையே இல்லை.

பதில் எழுதும்போது

பையர் ஐந்து கேள்வி கேட்டிருந்தால் ஐந்துக்கும் பதில் இருக்க வேண்டும். சுலபமான இரண்டுக்குச் சொல்லிவிட்டு மற்ற மூன்றை மறந்த மாதிரி விடுவது நம் ஊரில் ரொம்ப சகஜம். ஒவ்வொரு கேள்விக்கும் கீழேயே பதில் எழுதுங்கள். தெரியாததற்கு "டையிங்கில் கேட்டிருக்கிறோம், புதன்கிழமை சொல்கிறோம்" என்று எழுதிவிட்டு, புதன்கிழமை சொல்லுங்கள். பதிலை நீல நிறத்திலும் சிவப்பிலும் எழுதுவது நம் ஆபீஸ்களில் வழக்கம்தான். ஆனால் வட ஐரோப்பிய ஆண்களில் சுமார் 8 சதவீதம் பேருக்குச் சில நிறங்களைப் பிரித்துப் பார்க்க வராது. நிறத்தோடு உங்கள் பெயரின் முதலெழுத்தையும் முன்னால் போட்டுவிடுங்கள்.

வாட்ஸ்அப்பிலோ போனிலோ பேசி முடித்ததை அன்றைக்கே மெயிலில் எழுதிவிடுங்கள்: "இன்று பேசியபடி, மெயின் லேபிளைப் பின் கழுத்தில் நடுவே வைக்கிறோம்." நாளைக்கு ஏர் ஃபிரெய்ட் (விமானத்தில் அனுப்பும்) செலவு யார் தலையில் என்று பேச்சு வரும்போது, வாட்ஸ்அப்பில் வந்த கட்டை விரலைத் தேடிக்கொண்டிருக்க முடியாது.

ஃபோட்டோ அனுப்பும்போது 'ஐஎம்ஜி' என்று கேமரா கொடுத்த பெயரோடு அனுப்பாதீர்கள். ஸ்டைல் எண், சாம்பிள் வகை, தேதி என்று பெயரை மாற்றுங்கள். ஜிமெயிலில் இணைப்புகள் மொத்தம் 25 எம்பிக்குள் இருக்க வேண்டும். பெரிய படம் பத்து வைத்தால் தாண்டிவிடும். சுருக்கி ஒரே பிடிஎஃப்பாக்குங்கள். டிரைவ் லிங்க் அனுப்பினால் திறக்கும் அனுமதி கொடுத்தாயிற்றா என்று பாருங்கள். "ரிக்வெஸ்ட் ஆக்சஸ்" என்று அவருக்கு வந்தால் அதற்கும் ஒரு நாள்.

டூ, சிசி, ஃபார்வர்ட்

வேலை செய்ய வேண்டியவர் டூவில், தெரிந்துகொள்ள வேண்டியவர் சிசியில். டூவில் ஆறு பேர் இருந்தால் ஆறு பேரும் மற்றவர் பார்த்துக்கொள்வார் என்று விட்டுவிடுவார்கள். ஒரே மெயிலில் இரண்டு பேருக்கு வேலை இருந்தால் பெயர் சொல்லிப் பிரித்து எழுதுங்கள்.

சிசியில் ஒரு அரசியல் இருக்கிறது. அது யாரும் சொல்லித் தராமலே எல்லோருக்கும் தெரியும். பேப்ரிக் டிபார்ட்மென்ட் அண்ணனிடம் இரண்டு நாளாகப் பதில் இல்லை என்றதும் எம்டியை சிசியில் போட்டு நினைவூட்டல் அனுப்புவது, அவரை எம்டி ரூமுக்கு இழுத்துக்கொண்டு போவதற்குச் சமம். வேலை நடக்கும். அடுத்த முறை அவசரத்துக்கு ஒரு ரோல் துணி கேட்டால் நடக்காது. முதலில் நேரில் போய்க் கேளுங்கள், பத்தடி தூரம்தான். அதற்கும் அசையவில்லை என்றால், மேலே சொல்லப் போகிறேன் என்று அவரிடமே சொல்லிவிட்டு சிசி போடுங்கள்.

ஜிப், பட்டன், லேபிளுக்குப் பல சப்ளையரிடம் விலை கேட்கும்போது எல்லோரையும் ஒரே மெயிலில் போடாதீர்கள். பிசிசியைவிடத் தனித்தனி மெயிலே பாதுகாப்பு.

ஃபார்வர்டுதான் எல்லாவற்றிலும் ஆபத்து. பையருக்கு ஒரு டெஸ்ட் ரிப்போர்ட்டை அனுப்புகிறீர்கள். லேப்பிலிருந்து டையிங்குக்கு வந்து, அங்கிருந்து பர்சேஸுக்குப் போய், அங்கிருந்து உங்களுக்கு வந்த மெயில் அது. கீழே உருட்டினால் நூல் விலை, நம் மார்ஜின், "இந்த அம்மாவுக்கு வேறு வேலையே இல்லை" என்ற வரி, எல்லாம் இருக்கும். ஆகவே வெளியே போகும் மெயில் எதையும் ஃபார்வர்ட் செய்யாதீர்கள். ரிப்போர்ட்டை டவுன்லோட் செய்து, புதிய மெயிலில் இணைத்து அனுப்புங்கள். அரை நிமிட வேலை.

உள்ளே அனுப்பும் ஃபார்வர்டில் வேறொரு குறை. பையரின் நீண்ட ஆங்கில மெயிலை அப்படியே கட்டிங் இன்சார்ஜுக்குத் தள்ளிவிட்டு "ப்ளீஸ் செக்" என்று போடுவது. அதில் அவருக்கானது ஒரே ஒரு வரி. அதைப் பொறுக்கி, "அண்ணா, 4417 எல் சைஸ் பாடி நீளம் 1 செமீ கூட்டணும், பேட்டர்ன் மாத்திட்டுத்தான் கட்டிங் போடணும்" என்று தமிழிலேயே மேலே எழுதுங்கள். ஆபீஸ் மெயிலில் தமிழ் எழுதக் கூடாது என்று எந்தச் சட்டமும் இல்லை.

ரிப்ளை ஆல் பற்றி ஒரு கதை. 2016 நவம்பரில் இங்கிலாந்தின் என்ஹெச்எஸ் சுகாதாரத் துறையில் ஒரு சோதனை மெயில் தவறுதலாக 8 லட்சத்துக்கும் மேற்பட்ட ஊழியர்களுக்குப் போய்விட்டது. "எனக்கு ஏன் வந்தது?", "என்னை நீக்குங்கள்" என்று பலர் ரிப்ளை ஆல் அடிக்க, மெயில் சேவையே திணறிப் போனது. நம் ஆபீஸில் இருபது பேருக்குப் போகும் "நோட்டட் வித் தேங்க்ஸ்" அதன் குட்டிதான். கிடைத்தது என்று சொல்ல வேண்டுமானால் அனுப்பியவருக்கு மட்டும் சொல்லுங்கள்.

கெட்ட செய்தியும் கோபமும்

டையிங் தாமதமாகும் என்று திங்கட்கிழமையே தெரிந்தும் வெள்ளிக்கிழமை வரை மறைத்து வைப்பதுதான் புதியவர்களின் முதல் உள்ளுணர்வு. எப்படியாவது சரியாகிவிடும் என்ற நம்பிக்கை. சரியாகாது. பையருக்கு அங்கே விளம்பரம், கடை, லாரி எல்லாம் அந்தத் தேதியை வைத்து நகர்கின்றன. சீக்கிரம் சொன்னால் அவரால் மாற்ற முடியும். சீனியரிடம் காட்டிவிட்டு அன்றைக்கே எழுதுங்கள். என்ன நடந்தது என்பது ஒரு வரி. புதிய தேதி, அதுவும் மறுபடி மாற்றத் தேவையில்லாத தேதி. நாம் என்ன செய்கிறோம்: முடிந்த கலர்களை முதலில் அனுப்பலாமா, பார்ட் ஷிப்மென்ட் சரியா? அவர் எதற்கு முடிவு சொல்ல வேண்டும்? மூன்று பத்தி மன்னிப்பும் கரண்ட் கட் கதையும் வேண்டாம்.

பையர் கோபமாக எழுதியிருந்தால் பதிலை எழுதுங்கள், ஆனால் டூ பெட்டியைக் காலியாக விட்டு எழுதுங்கள். இணையத்தில் நடந்துகொள்ளும் முறை பற்றி 1995 இல் வெளிவந்த ஆர்எஃப்சி 1855 என்ற ஆவணமே, உணர்ச்சிவசப்பட்ட பதிலை ஓர் இரவு கழித்து அனுப்பச் சொல்கிறது. நமக்கு அந்த இரவு நேர வித்தியாசத்திலேயே கிடைத்துவிடுகிறது.

ஜூனியர்களுக்கும் சப்ளையர்களுக்கும் இரவு 11 மணிக்கு மெயில் அனுப்புவதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். பிரான்சில் 2017 ஜனவரி முதல், 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனங்கள் வேலை நேரத்துக்குப் பின் தொடர்பில் இல்லாமலிருக்கும் உரிமை பற்றித் தொழிலாளர்களோடு பேச வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. இங்கே அப்படி எதுவும் இல்லை. ஆனால் ஷெட்யூல் செண்ட் இருக்கிறது. இரவில் எழுதுங்கள், காலை 9 மணிக்குப் போகும்படி வைத்துவிடுங்கள்.

பேங்க் கணக்கு மாறிவிட்டது என்று வந்தால்

இதில் மட்டும் மரியாதை, வேகம் எதையும் பார்க்க வேண்டாம். ஏமாற்றுக்காரர்கள் யாரோ ஒருவரின் மெயிலுக்குள் புகுந்து வாரக்கணக்கில் படித்துவிட்டு, பணம் கட்டும் நேரம் பார்த்து, "எங்கள் பேங்க் கணக்கு மாறிவிட்டது, இதில் கட்டுங்கள்" என்று அதே இன்வாய்ஸ் எண்ணோடு எழுதுவார்கள். முகவரியில் 'எம்' எழுத்துக்குப் பதில் 'ஆர்', 'என்' இரண்டும் ஒட்டி நிற்கும்; கண்ணுக்குத் தெரியாது. அந்த மெயிலுக்கு ரிப்ளை போட்டு விசாரிக்காதீர்கள், அதிலுள்ள எண்ணுக்கும் அழைக்காதீர்கள். உங்களிடம் முன்பே இருக்கும் எண்ணுக்கு அழைத்து, குரல் தெரிந்தவரிடம் கேளுங்கள். நம் பெயரில் பையருக்கும் இப்படிப் போகலாம் என்பதால், கணக்கு மாற்றத்தை மெயிலில் மட்டும் ஒருபோதும் சொல்ல மாட்டோம் என்று முதல் ஆர்டரிலேயே எழுதிவிடுவது நல்லது. பணம் போய்விட்டால் உடனே பேங்குக்குச் சொல்லிவிட்டு 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கு அழையுங்கள்.

லீவு போடும் முன்

பொங்கலுக்கும் தீபாவளிக்கும் தொழிலாளர்கள் ஊருக்குப் போனால் யூனிட் முழுதாக ஓடத் தொடங்க நாளாகும். பையருக்கு இது தெரியாது. ஒரு மாதம் முன்பே தேதிகளோடு எழுதிவிடுங்கள். அவர்கள் பக்கம் கிறிஸ்துமஸையொட்டியும் ஆகஸ்டிலும் ஆள் இருக்க மாட்டார்கள். அந்த நாட்களில் விழும் அப்ரூவல்களை முன்னதாகக் கேட்டு வாங்குங்கள். நீங்கள் லீவில் போகும்போது வைக்கும் ஆட்டோ ரிப்ளையில் என்று திரும்புவீர்கள், அதுவரை யாரைக் கேட்க வேண்டும் என்ற இரண்டும் இருக்கட்டும். யாருடைய பெயரைப் போடுகிறீர்களோ அவரிடம் முதலில் சொல்லிவிடுங்கள். நடந்துகொண்டிருக்கும் ஸ்டைல்கள், ஒவ்வொன்றிலும் யாருடைய பதிலுக்காகக் காத்திருக்கிறோம், கடைசி மெயில் என்ன தேதி என்று அரைப்பக்கம் எழுதி அவருக்கு அனுப்பிவிட்டு, அவர் அதைத் திறந்து பார்த்துவிட்டாரா என்று கேட்டுவிட்டு பஸ் ஏறுங்கள்.